எங்கள் ஊர் பால்வாடி: டீச்சர் நல்லவர், சாப்பாடு நல்லது, கதவு எப்போது திறக்கும் என்றுதான் தெரியாது

பால்வாடிக்கெல்லாம் யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். பிரியாணிக் கடைக்கு எழுதுகிறார்கள், மிக்ஸிக்கு எழுதுகிறார்கள், வண்டி சர்வீஸ் விட்ட இடத்துக்கு எழுதுகிறார்கள். மூன்று வயதுப் பையனைத் தினமும் ஒப்படைத்துவிட்டு வருகிற இடத்துக்கு எழுதினால் என்ன? எங்கள் பக்கம் லைன் வீட்டுக்குப் புதிதாகக் குடிவரும் பெண்கள், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்ட கையோடு கேட்பது "பால்வாடி எப்படிங்க அக்கா?" என்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இனி இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் முதலில் திட்டு வாங்கப்போவது டீச்சர்தான். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் டைம் ஆபீஸில் இருக்கிறேன். யார் எத்தனை மணிக்குப் பஞ்ச் வைத்தார்கள், யாருக்கு ஒண்ணரை ஷிஃப்ட், யார் லீவு, எதற்கு லீவு எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அதனால் என் பையன் கதையோடு மற்றவர்கள் கதையும் இதில் கொஞ்சம் கலந்து வரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பால்வாடி அரசு தொடக்கப் பள்ளி காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கிறது. என் மூத்தவள் அதே பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள். ஒரே கேட், ஒரே நடை, இரண்டு பேரையும் விட்டுவிட்டு எட்டரைக்குள் கம்பெனிக்கு ஓடிவிடலாம். டீச்சர் வருவதற்கு முன்பே ஆயாம்மா வந்து வாசல் கூட்டிக் கதவைத் திறந்து வைத்திருப்பார். அது அவர் வேலை நேரமே இல்லை. ஷிஃப்டுக்குப் போகிற அம்மாக்கள் முகத்தைப் பார்த்துச் செய்கிறார்.

சாப்பாட்டைப் பற்றி எனக்குப் பயம் இருந்தது, இப்போது இல்லை. மதியம் சூடாகச் சமைத்துப் போடுகிறார்கள். வாரத்தில் 3 முட்டை, ஒரு நாள் பயறு, ஒரு நாள் உருளைக்கிழங்கு. என் பையன் வீட்டில் மஞ்சள் கருவைத் தொடவே மாட்டான். அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒடிசாப் பையன் முழு முட்டையையும் வாயில் அடைப்பதைப் பார்த்து இவனும் தின்னப் பழகிவிட்டான். அந்தப் பையனின் அப்பா துணிக்குச் சாயம் போடும் டையிங்கில் வேலை செய்கிறார், அம்மா தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில். வந்த புதிதில் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. இப்போது "டீச்சர், இவன் என்னைய இடிச்சுப்போட்டானுங்க" என்று கொங்குத் தமிழிலேயே புகார் சொல்கிறான். இதை எந்தத் தனியார் ப்ளே ஸ்கூலும் சொல்லித்தராது.

மாதம் ஒரு தடவை எடை போடுகிறார்கள், உயரம் பார்க்கிறார்கள். எடை குறைந்தால் டீச்சரே கூப்பிட்டு, "ஏனுங்க, காலையில என்ன குடுக்கறீங்க?" என்று விசாரிக்கிறார். காலையில் நான் என்னத்தைக் கொடுப்பது, பாதி நாள் பிஸ்கட்தான். மூத்தவளுக்கு அந்தக் கவலை இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-இலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது. ஆனால் அது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அக்கா உப்புமாவும் கிச்சடியும் சாப்பிடுவதைத் தம்பி பத்தடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு துறை, இரண்டு கணக்கு. பள்ளிக்கூடம் பள்ளிக் கல்வித் துறை, பால்வாடி சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை. இந்த இரண்டு துறை விவகாரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சின்னக் குறைகளும் இருக்கின்றன. மூன்றரைக்கு மேல் பிள்ளைகளை வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஷிஃப்ட் முடிவதோ ஐந்தரைக்கு. நடுவில் உள்ள நேரத்துக்கு எங்கள் தெரு முக்கு வீட்டு ஆத்தா காசு வாங்கிக்கொண்டு நாலைந்து பிள்ளைகளைக் கூட்டிப் போய் வைத்துக்கொள்கிறார். டீச்சரை வாக்காளர் பட்டியல் வேலை, சொட்டு மருந்து, கணக்கெடுப்பு என்று அடிக்கடி வெளியே இழுத்துவிடுகிறார்கள். அந்த நாட்களில் பாட்டும் கதையும் கிடையாது, ஆயாம்மா ஒருவரே எல்லாவற்றையும் மேய்ப்பார். இதெல்லாம் தாங்கக்கூடியதுதான்.

தாங்க முடியாதது 2025 கோடையில் நடந்தது.

பழைய ஓட்டுக் கட்டடம் ஒழுகுகிறது என்று முந்தின வருடமே இடித்துவிட்டார்கள். அதன் பிறகு பள்ளியில் ஒரு வகுப்பறையில் பால்வாடி நடந்தது. பக்கத்திலேயே புதுக் கட்டடம் எழும்பியது, ஏப்ரலில் சுவரில் பொம்மையெல்லாம் வரைந்துவிட்டார்கள். மே மாதம் பால்வாடிகளுக்குப் பதினைந்து நாள் விடுமுறை. "லீவு முடிஞ்சா புதுக் கட்டடத்துலதானுங்க" என்று டீச்சர் சந்தோஷமாகச் சொன்னார். விடுமுறை முடிந்தது. புதுக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. ஜூன் 2-ஆம் தேதி பள்ளிக்கூடம் திறந்தது. முதல் வகுப்புக்குப் பிள்ளைகள் நிறையச் சேர்ந்திருப்பதால் பழைய வகுப்பறை பள்ளிக்கு வேண்டும் என்று தலைமை ஆசிரியர் வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பள்ளி, அவர் அறை, அவருக்கும் இடம் போதவில்லை. ஆக, பழைய அறையும் போச்சு, புதுக் கட்டடமும் திறக்கவில்லை. டீச்சர் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்குச் சத்துமாவுப் பொட்டலம் மட்டும் கொடுத்து அனுப்பினார்.

மூத்தவள் பையை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறாள். சின்னவன் அதே கேட்டைப் பிடித்துக்கொண்டு நானும் போகணும் என்று அழுகிறான். மணி எட்டே கால். இந்தச் சமயத்தில் ஒரு அம்மாவுக்கு என்னவெல்லாம் தோன்றும் என்று எழுதினால் இதைப் போட விடமாட்டார்கள்.

ஏன் திறக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். டீச்சர், பால்வாடிகளை மேற்பார்க்கிற சூப்பர்வைசரைக் கேட்கச் சொன்னார். சூப்பர்வைசர், கட்டடத்தை இன்னும் எங்களிடம் ஒப்படைக்கவில்லை என்றார். கட்டியது ஊராட்சி ஒன்றியம். அங்கே கேட்டால் வேலையெல்லாம் முடிந்துவிட்டது, கரண்ட் கனெக்‌ஷன் மட்டும் பாக்கி என்றார்கள். கரண்ட் வந்தது. அப்புறமும் பூட்டு அப்படியே தொங்கியது. கடைசியில் கட்டட வேலை பார்த்த மேஸ்திரிதான் உண்மையைச் சொன்னார். கல்வெட்டு வைத்தாகிவிட்டது, பெரிய மனுசர் யாராவது வந்து திறக்க வேண்டும், தேதி கிடைக்கவில்லை. அவ்வளவுதான். எண்பது பக்க நோட்டில் கால் பக்கம் எழுதக்கூட வராத காரணம்.

அவர்கள் தாமதமாகத் திறந்ததுகூட எனக்குப் பெரிதில்லை. வெயிலுக்காகப் பள்ளி தள்ளிப்போவது நமக்குப் பழக்கம்தான். 2023-இல் ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 7 என்றார்கள், கடைசியில் சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 ஆனது. 2024-இல் ஜூன் 6 என்பது ஜூன் 10 ஆனது. எரிச்சல்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கையில் ஒரு தேதி இருந்தது. டிவியில் சொன்னார்கள், நாங்களும் அதற்குத் தக்கபடி லீவைக் கேட்டு, ஆளைப் பிடித்து, சமாளித்தோம். இந்தத் தடவை தேதியே இல்லை. "அடுத்த வாரம்" என்பதை மட்டும் வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தேதி இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். என் அம்மா காங்கேயம் பக்கம். பையனைக் கொண்டுவந்து விடட்டுமா என்று போன் செய்தேன். "விடு சாமி, அமுச்சி இல்லாம வேற யாரு பாப்பாங்க? எத்தன நாளைக்கு?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்கு இரண்டு மாடு, கொஞ்சம் காடு, முட்டி வலி. ஒரு வாரம் என்றால் சமாளிப்பார், ஒரு மாதம் என்றால் அவரால் ஆகாது. ப்ளே ஸ்கூலில் போய் விசாரித்தேன். மாதம் 3,000 ரூபாய், சேர்க்கைக் கட்டணம் தனி, மார்ச் வரைக்குமான டேர்ம் பணத்தைக் கட்டினால்தான் சேர்ப்பார்களாம். "எத்தனை நாளைக்கு மேடம்?" என்று அங்கேயும் கேட்டார்கள். பால்வாடி திறக்கிற வரைக்கும் என்றேன். அந்தப் பெண் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டது. முக்கு வீட்டு ஆத்தா நாள் முழுக்க வைத்துக்கொள்ள ஒரு பிள்ளைக்கு 80 ரூபாய் கேட்டார். நியாயமான காசுதான். ஆனால் அவர் வீட்டு வாசல் நேரே ரோட்டில் இருக்கிறது, தண்ணீர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் ஓடுகிற ரோடு. பிள்ளைகள் வெளியே ஓடாமல் இருக்க நாள் முழுக்க செல்போனில் வீடியோ போட்டுக் கொடுப்பார். வேறு வழியில்லாமல் அங்கேதான் விட்டேன். பையன் இப்போதும் அந்த வீடியோப் பாட்டு ஒன்றைத் தூக்கத்தில் பாடுகிறான்.

கம்பெனியில் கிரீச், அதாவது குழந்தைக் காப்பகம், இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 48-ஆம் பிரிவு, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்றது. மகப்பேறு சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் காப்பகம் வேண்டும், அம்மா நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்க்கலாம் என்றது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம், ஆடிட் வரும்போது ஃபைலை எடுத்துக் கொடுப்பதே நான்தான். அந்த அறையில் தொட்டில், மரக்குதிரை, சுவரில் மிக்கி மவுஸ் எல்லாம் உண்டு. சரக்கு வாங்குகிற கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிற அன்றைக்கு நாலு பிள்ளைகளும் ஒரு ஆயாவும்கூட உண்டு. மற்ற நாளில் அந்த ஆயா செக்கிங் டேபிளில் நூல் வெட்டிக்கொண்டிருப்பார், அறையில் அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கும். திருப்பூரில் ஒழுங்காக நடக்கிற கிரீச் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. எங்களுடையது இப்படி. ஜூனில் நாலைந்து பேர் சேர்ந்து போய், கொஞ்ச நாளைக்காவது அதைத் திறந்து விடுங்கள் என்று மேனேஜரைக் கேட்டோம். அவரும் அதையேதான் கேட்டார். எத்தனை நாளைக்கு?

அந்த நேரத்தில் கம்பெனியில் வேறு ஆர்டர் நெருக்கடி. அமெரிக்க வரி எப்போது எவ்வளவு ஏறும் என்று தெரியாமல் சரக்கை அனுப்பிவிட வேண்டும் என்று ஒரே ஓவர்டைம். (கடைசியில் ஆகஸ்ட் 27-இல் வரி 50 சதவீதம் ஆனது வேறு கதை.) அப்படிப்பட்ட மாதத்தில் என் லீவு ரிஜிஸ்டரில் காரணம் என்ற கட்டத்தில் "குழந்தை" என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துப்போனது. எல்லாம் பெண்கள் பெயர். ஒரு ஓவர்லாக் டெய்லர், நல்ல வேலைக்காரி, பீஸ் ரேட்டில் மற்றவர்களைவிட அதிகம் எடுப்பாள். அம்மாவீடு தேனிப் பக்கம், இங்கே யாரும் இல்லை. முதலில் ஒரு நாள் லீவு, பிறகு அரை நாள், பிறகு மூன்று நாள். அந்த லைனில் அவள் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். பிறகு அவள் வரவே இல்லை. வீட்டில் சிங்கர் மிஷின் வைத்துத் தலையணை உறை தைக்கிறாளாம். அவள் சனிக்கிழமை சம்பளத்துக்கும் ஒரு கல்வெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எந்த ஆபீசிலும் எழுதிவைக்க மாட்டார்கள்.

எனக்கு இதில் கோபம் கொஞ்சம் பழையது. மூத்தவள் பால்வாடிக்குப் போக ஆரம்பித்த சமயத்தில்தான் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடினார்கள். டாஸ்மாக் அந்த மே மாதமே திறந்தது. தியேட்டர் நவம்பரில் திறந்தது. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல் திறந்தன. எல்.கே.ஜி. வயதுப் பிள்ளைகளுக்கு மழலையர் பள்ளிகள் திறந்தது 2022 பிப்ரவரி 16-இல். நோய்க்காலத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவசரப்பட முடியாது, அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் எது வந்தாலும் கடைசி வரிசை இவர்களுக்குத்தான். ஓட்டும் இல்லை, பரீட்சையும் இல்லை, மார்க் குறைந்தது என்று யாரும் பேப்பரில் எழுதப்போவதும் இல்லை.

பள்ளிக்குள்ளேயே இருக்கிற பால்வாடிகளுக்கு இந்த அவஸ்தை கொஞ்சம் கூடுதல். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் (பால்வாடிக்கு அரசாங்கப் பெயர் அதுதான்) எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-இல் அதை நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றார்கள். எங்களுடையது அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் சிக்கல் அதேதான். இடம் ஒரு துறைக்கு, பிள்ளை இன்னொரு துறைக்கு, சுவர் மூன்றாவது துறைக்கு. 1975 அக்டோபர் 2-இல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் இது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேல் மையங்கள். இத்தனை வருடத்தில் கதவில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி "இன்ன தேதி திறக்கப்படும்" என்று எழுதும் பழக்கம் மட்டும் யாருக்கும் வரவில்லை.

ஜூலை நடுவில் ஒரு நம்பிக்கை வந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசிவிட்டு வந்து, "ஆடி பொறக்குது, ஆடியில தொறக்க வேண்டாம்னு நெனைக்கறாங்க. ஆவணியில பாத்துக்கலாமுங்க" என்றார். கூட்டத்தில் நின்ற ஒரு பொண்ணு, பவர் டேபிள் தையல் மிஷினில் வேலை செய்கிறவள், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், "ஏனுங்க, ஆடியில கொழந்தைகளுக்குப் பசிக்காதுங்களா?" என்று கேட்டாள். பெரியவருக்குப் பதில் வரவில்லை. அந்தத் திங்கட்கிழமையே கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். மனுவை நான்தான் எழுதினேன். திறப்பு விழாவை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், சாவியை மட்டும் முதலில் கொடுங்கள், அதுவும் முடியாதென்றால் திறக்கும் தேதியை எழுதிக் கொடுங்கள் என்று மூன்றே வரி. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். அதையும் நான்தான் ரிஜிஸ்டரில் ஏற்றினேன்.

மனுவால் நடந்ததா, வேறு யாரும் சொன்னார்களா தெரியவில்லை. ஆடி முடிவதற்குள் ஒரு புதன்கிழமை காலை, பந்தல் இல்லாமல், மைக் இல்லாமல், ஆயாம்மா சாவியோடு வந்து கதவைத் திறந்தார். முதல் நாளே முட்டை. கல்வெட்டை மஞ்சள் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், விழா இன்னும் நடக்கவில்லை. பிள்ளைகள் அந்தத் துணியில்தான் கை துடைக்கிறார்கள், டீச்சரும் கண்டுகொள்வதில்லை.

புதுக் கட்டடம் நன்றாக இருக்கிறது. தரை வழுக்காத டைல்ஸ், பிள்ளைகள் உயரத்துக்குக் கழுவும் தொட்டி, இரண்டு ஃபேன், குட்டிக் கழிப்பறை. சமையலறை தனியாக இருப்பதால் புகை வருவதில்லை. மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மட்டும் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது. மதியம் தூங்குகிற இடத்தில் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக அடிக்கிறது. ஒரு பழைய சேலையைக் கொண்டுபோய்த் திரையாகக் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

சேர்க்க நினைக்கிறவர்களுக்கு: தாராளமாகச் சேருங்கள். இரண்டு வயது முடிந்தால் போதும். காசு கேட்க மாட்டார்கள். வாடகை வீடு, வெளி மாநிலம் என்று யோசிக்க வேண்டாம், நேராக டீச்சரைப் போய்ப் பாருங்கள். பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போனால் வேலை சுலபமாக முடியும். மே மாத விடுமுறைக்கு முன்னால் திறக்கும் தேதியை டீச்சரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேதி தள்ளிப்போனால் சூப்பர்வைசருக்குப் போன் செய்ய அந்த நோட்டு உதவும். இந்த வருடத்துக்கு நான் ஏற்கெனவே கேட்டு வைத்துவிட்டேன், கூட இன்னும் நாலு அம்மாக்கள் கேட்டால் நல்லது. அப்புறம், ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் பெயர் வெட்டிக் கொடுத்து அனுப்புங்கள். பெயர் வெட்டாமல் விட்டால் சாயங்காலம் வேறு யார் தட்டோ உங்கள் வீட்டுக்கு வரும்.